நாடு போயிற்று, பிடி இறுகிற்று: 19ஆம் நூற்றாண்டில் போப்பின் இரு அதிகாரங்கள்

கேள்வி இது: 1870 ஜூலை 18 அன்று, விசுவாசத்தைப் பற்றிப் போப் அதிகாரபூர்வமாக வரையறுத்துச் சொல்லும்போது அவர் தவற மாட்டார் என்று உலக ஆயர்களின் (பிஷப்புகளின்) பொதுக்கூட்டமான வத்திக்கான் சங்கம் அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று, இத்தாலியப் படை ரோமைப் பிடித்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்த போப்பின் அரசாட்சி முடிந்தது. அப்படியானால் 19ஆம் நூற்றாண்டில் போப்பின் அதிகாரம் வளர்ந்ததா, தேய்ந்ததா?

நிலம் தேய்ந்தது, திருச்சபைக்குள் அதிகாரம் வளர்ந்தது என்பது எல்லாரும் சொல்லும் விடை. விடை சரி, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பொருந்தவில்லை. நாடு பறிபோன ஆற்றாமையில் ஆன்மிக அதிகாரத்தை ஊதிப் பெருக்கிக்கொண்டார் என்பார்கள். வாக்கெடுப்பு நடந்த நாளில் ரோம் இன்னும் போப்பின் கையில் இருந்தது. நாட்டின் பெரும்பகுதி போன 1860-க்கு முன்பே இந்த வளர்ச்சி பாதிக்கு மேல் நடந்து முடிந்துவிட்டது. தொடக்கம் 1801-இல், தொடங்கி வைத்தவர் நெப்போலியன்.

அதற்கு முந்தைய நிலையைப் பார்த்தால் இது விளங்கும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் ஆயர்களைப் பெயர் சொல்லி நியமித்தவர்கள் அரசர்கள். போப் அந்தப் பெயரை உறுதிப்படுத்துவார், மறுப்பது அரிது. போப் எழுதும் மடலைக் கோயிலில் படிக்கவே பல நாடுகளில் அரசின் அனுமதி வேண்டும். ஜெர்மானிய நாடுகளில் மைன்ஸ், கொலோன், திரியர் பேராயர்கள் தாங்களே நாடாளும் சிற்றரசர்கள். ரோமுக்கு அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பிரான்சையும் ஸ்பெயினையும் ஆண்ட பூர்பன் குல அரசர்களின் நெருக்குதல் தாங்காமல் போப் 1773-இல் சேசு சபை என்ற துறவியர் அமைப்பையே கலைத்தார். ஆக, பழைய போப்பிடம் நாடு இருந்தது, சபைக்குள் கை நீளவில்லை.

பிரெஞ்சுப் புரட்சி இந்த அமைப்பைத் தலைகீழாக்கியது. 1798-இல் பிரெஞ்சுப் படை ரோமுக்குள் நுழைந்து, ஆறாம் பியுஸைக் கைதியாகக் கொண்டுபோயிற்று. 1799 ஆகஸ்டில் அவர் பிரான்சின் வாலென்சில் கைதியாகவே இறந்தபோது, போப் வரிசை இத்தோடு சரி என்று நினைத்தவர்கள் உண்டு. கர்தினால்கள் ஆஸ்திரியப் பாதுகாப்பில் வெனிசில் கூடி, 1800 மார்ச்சில் ஏழாம் பியுஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலையில் நெப்போலியனுடன் கையெழுத்தான உடன்படிக்கையை வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஆயரை முதல் கான்சல், அதாவது நெப்போலியன், பெயர் குறிப்பார். போப் திருச்சபைச் சட்டப்படி பதவி அளிப்பார். புரட்சியில் விற்கப்பட்ட கோயில் சொத்துகளைத் திருச்சபை திரும்பக் கேட்காது. பதிலுக்கு அரசு சம்பளம் தரும். இதுவரை பழைய கதைதான். புதியது இன்னொரு நிபந்தனை. பிரான்சில் அப்போது இரண்டு வகை ஆயர்கள்: புரட்சியை ஏற்காமல் வெளிநாடு ஓடியவர்கள் ஒரு பக்கம், புரட்சிக்குச் சத்தியம் செய்து பதவி பெற்றவர்கள் மறுபக்கம். இரு தரப்பையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நெப்போலியன் விரும்பினார். ரோமுக்கு விசுவாசமாக இருந்து துன்பப்பட்ட ஆயர்களைப் பதவியிறக்க யாரால் முடியும்? போப்பால் மட்டும். ஆகவே போப் எல்லாரையும் பதவி விலகச் சொன்னார். முப்பதுக்கும் மேற்பட்டோர் மறுத்தபோது அவர்களின் அதிகாரம் முடிந்தது என்று அறிவித்தார். 130-க்கு மேல் இருந்த மறைமாவட்டங்கள், அதாவது ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள், 60 ஆகச் சுருங்கின.

எந்தக் குற்றமும் செய்யாத ஒரு நாட்டு ஆயர்கள் அனைவரையும் ஒரே ஆணையில் இறக்கும் உரிமையை எந்தப் பிரெஞ்சு அரசனும் போப்புக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். ரோமின் கை எல்லைக்குள் நிற்க வேண்டும் என்ற பிரெஞ்சுத் திருச்சபையின் பழைய கொள்கையை, அதே கொள்கையில் ஊறிய ஓர் ஆட்சியே தன் வசதிக்காக உடைத்தது. என் கணிப்பில் 1870-இன் தீர்மானம் இதற்குப் பின்னால் எழுதிச் சேர்த்த விளக்கவுரை.

இன்னொரு விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1802-இல் நெப்போலியன் போப்பைக் கேட்காமல் சேர்த்த 77 விதிகளின்படி, பெரும்பாலான பங்குக் குருக்களை ஆயர் நினைத்தபோது இடம் மாற்றலாம். ஆயரை அரசின் ஆளாகவும் குருவை ஆயரின் ஆளாகவும் வைத்தால் போதும் என்று அவர் எண்ணினார். ஆயரிடம் பாதுகாப்பு இல்லாத குருக்கள் ரோமிடம் முறையிடப் பழகினார்கள். அடுத்த ஐம்பது ஆண்டில் போப்பின் தீவிர ஆதரவாளர்கள் பிரெஞ்சுக் கிராமக் குருமாரிடையே பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனியில் 1803-இல் ஆயர்-சிற்றரசுகள் கலைக்கப்பட்டன. நாடும் வருமானமும் இழந்த ஆயர்களுக்குப் புராட்டஸ்டண்டு அரசுகளை எதிர்கொள்ள ரோமை விட்டால் துணை இல்லை.

நெப்போலியன் 1809-இல் ரோமைத் தன் பேரரசோடு இணைத்தார். போப் சபைவிலக்கு ஆணை பிறப்பித்தார். ஜூலையில் ஒரு நள்ளிரவு கைதாகிச் சவோனாவுக்கும் பின்பு ஃபொந்தென்புளோவுக்கும் கொண்டுபோகப்பட்டார். படையும் பணமும் ஆலோசகர்களும் இல்லாத அந்தக் கைதியிடம் ஓர் ஆயுதம் மிஞ்சியது: பெயர் குறிக்கப்பட்ட ஆயர்களுக்குப் பதவி அளிக்க மறுப்பது. காலியான மறைமாவட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆறு மாதத்துக்குள் போப் பதவி அளிக்காவிட்டால் தலைமைப் பேராயரே அளிக்கலாம் என்று 1811-இல் பாரிசில் ஒரு தேசியச் சங்கத்தைக் கூட்டித் தீர்மானிக்க வைத்தார் பேரரசர். அதற்கும் போப்பின் சம்மதம் தேவைப்பட்டது. 1813-இல் நெருக்குதலில் கையெழுத்திட்டதைப் பியுஸ் இரண்டே மாதத்தில் திரும்பப் பெற்றார். 1814 மே மாதம் ரோமுக்குத் திரும்பிய அவரை ஊரே திரண்டு வரவேற்றது. நாடில்லாத போப்பும் பேரரசனை எதிர்த்து நிற்க முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. விந்தை என்னவென்றால், ரோமில் யாரும் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

நெப்போலியன் வீழ்ந்தபின் ஐரோப்பாவின் எல்லைகளை வகுத்த வியன்னா மாநாட்டில் போப்பின் தூதரான கர்தினால் கொன்சால்வி திறமையாக வாதாடி, பொலோஞ்ஞா, ஃபெர்ராரா, ரவென்னா உட்பட நாட்டின் பெரும்பகுதியை மீட்டார். பிரான்சுக்குள் இருந்த அவிஞ்ஞோன் திரும்பவில்லை. மீண்டும் கிடைத்த நாடு வரமாக இல்லை, சுமையாக இருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மாகாண ஆளுநர்கள் கர்தினால்கள். உயர் பதவி வேண்டுமானால் குருத்துவ உடை போட வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தையும் நிர்வாகத்தையும் 15 ஆண்டு சுவைத்த பொலோஞ்ஞா வழக்கறிஞருக்கும் வணிகருக்கும் இது பொறுக்கவில்லை. 1831-இல் கலகம் வெடித்தது. ஆஸ்திரியப் படை வந்து அடக்கியது. பொதுநிலையினரை நிர்வாகத்தில் சேருங்கள் என்று ஐந்து வல்லரசுகள் கூடி எழுதிக் கொடுத்தன. பெரிதாக எதுவும் மாறவில்லை. அன்று முதல் 1870 வரை இந்த அரசு வெளிநாட்டுத் துப்பாக்கியின் நிழலில்தான் நின்றது: முதலில் ஆஸ்திரியா, பிறகு பிரான்ஸ்.

அரசர் வேலை மேய்ப்பர் வேலையை எப்படிக் கெடுத்தது என்பதற்குப் பதினாறாம் கிரகோரி காலம் (1831–46) நல்ல சான்று. கத்தோலிக்கப் போலந்து ரஷ்யச் சாரை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றபோது, 1832-இல் அவர் போலந்து ஆயர்களுக்கு எழுதியது முறையான அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்பதே. தன் நாட்டில் கலகத்தை அடக்க வல்லரசுகளை நம்பியிருப்பவர் வேறு நாட்டுக் கலகத்தை ஆசீர்வதிக்க முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சுற்றுமடல், மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் கண்டித்தது. அதில் அடிபட்ட லாமென்னே என்ற பிரெஞ்சுக் குரு, அரசிடமிருந்து திருச்சபையை விடுவித்துப் போப்பின் கையைப் பலப்படுத்த வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தவர்! தன் நாட்டில் ரயில் பாதையே வேண்டாம் என்ற இதே கிரகோரி, 1839-இல் அடிமை வணிகத்தைக் கடுமையாகக் கண்டித்தார். போப் ஆவதற்கு முன் மறைபரப்புப் பணிகளைக் கவனிக்கும் புரொப்பகாந்தா பேராயத்தின் தலைவராக இருந்தவர் என்பதால், ஐரோப்பாவுக்கு வெளியே அவர் பார்வை வேறாக இருந்தது. மறைபரப்பு நாடுகளில் பெரும்பாலும் ஆயரைப் பெயர் குறிக்க அரசர் கிடையாது. எல்லா நியமனமும் ரோமிலிருந்துதான். இந்தியா இதற்கு விலக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பதாம் பியுஸ் 1846 ஜூனில் வந்தார். 31 ஆண்டுக்கு மேல் இருந்தார். தொடக்கத்தில் அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு, 1848 மார்ச்சில் அரசமைப்புச் சட்டம் என்று இத்தாலியர்கள் கொண்டாடும்படி நடந்தார். அந்தக் கொண்டாட்டம் ஒரு தவறான எதிர்பார்ப்பின் மேல் நின்றது: ஆஸ்திரியாவை விரட்டும் போருக்கு இவர் தலைமை ஏற்பார் என்று நினைத்தார்கள். ஏப்ரல் 29 அன்று, எல்லாக் கத்தோலிக்கருக்கும் தந்தையான தான் ஒரு கத்தோலிக்க நாட்டின் மேல் போர் தொடுக்க முடியாது என்றார். மேய்ப்பராக அது சரியான பேச்சு. இத்தாலிய அரசராக அன்றோடு அவர் கதை முடிந்தது. நவம்பரில் அவருடைய அமைச்சர் ரோஸ்ஸி குத்திக் கொல்லப்பட்டார். போப் சாதாரணக் குருவின் உடையில் கயேத்தாவுக்குத் தப்பினார். 1849 பிப்ரவரியில் ரோமில் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஜூலையில் பிரெஞ்சுப் படை அதை வீழ்த்தியது. 1850 ஏப்ரலில் திரும்பிய பியுஸ் அரசியல் சீர்திருத்தப் பேச்சுக்கே இடம் தரவில்லை. அரசாங்க வேலையைக் கர்தினால் அந்தோனெல்லியிடம் விட்டார்.

இதே ஆண்டுகளில் திருச்சபைக்குள் அவர் கை ஓங்கிக்கொண்டே போனது. 1850-இல் இங்கிலாந்திலும் 1853-இல் நெதர்லாந்திலும் ஆயர் மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவினார். 1854 டிசம்பர் 8 அன்று மரியாளின் அமலோற்பவத்தை, அதாவது அவர் பாவக் கறையின்றிக் கருவானார் என்பதை, விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அங்கே பலரும் கவனிக்கத் தவறுவது வழிமுறை: ஆயர்களிடம் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார்; சங்கம் கூட்டவில்லை; தாமே அறிவித்தார். தவறாவரம், அதாவது போப் தவற மாட்டார் என்ற கோட்பாடு, தீர்மானமாவதற்கு 16 ஆண்டு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. ரயிலும் நீராவிக் கப்பலும் மலிவுப் பத்திரிகையும் சேர்ந்து, போப்பின் முகத்தை அயர்லாந்துக் குடிசைவரை கொண்டுபோயின. முன்பெல்லாம் போப்பின் பெயரே தெரியாமல் வாழ்ந்து இறந்த கத்தோலிக்கர்கள் ஏராளம்.

1859–60-இல், இத்தாலியை ஒன்றிணைத்துவந்த வடமேற்குப் பியெமோந்து அரசு போப்பின் வடக்கு மாகாணங்களையும், 1860 செப்டம்பரில் காஸ்தெல்ஃபிதார்தோ சண்டைக்குப் பின் மார்க்கே, உம்பிரியாவையும் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது ரோமும் சுற்றுப்புறமும், சுமார் 7 லட்சம் மக்கள். வரி வருமானம் போன இடத்தை உலகக் கத்தோலிக்கர் அனுப்பும் இராயப்பர் காசு என்ற காணிக்கை நிரப்பத் தொடங்கியது. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, கனடா இளைஞர்கள் போப்பின் படையில் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 1858-இல் பொலோஞ்ஞாவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். பணிப்பெண் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள் என்பதற்காக ஆறு வயது யூதச் சிறுவன் எட்கார்தோ மொர்தாராவைப் போப்பின் காவலர்கள் பெற்றோரிடமிருந்து எடுத்துப் போனார்கள். ஐரோப்பா முழுதும் எதிர்ப்பு எழுந்தும் பியுஸ் திருப்பித் தரவில்லை. மறைச்சட்டமும் காவல்துறையும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை.

1864 டிசம்பர் 8 அன்று பியுஸ் வெளியிட்ட, காலத்தின் தவறான கருத்துகளைத் தொகுத்த தவறுகளின் பட்டியல் 80 கூற்றுகள் கொண்டது. கடைசிக் கூற்று: போப் முன்னேற்றத்தோடும் தாராளவாதத்தோடும் நவீன நாகரிகத்தோடும் சமரசம் செய்துகொள்ளலாம், செய்துகொள்ள வேண்டும். இது தவறு என்று பட்டியல் சொன்னதும் உலகம் கொதித்தது. படிக்கும் முறை தெரியாமல் இதைத் தொட்டால் வழுக்கும். ஒவ்வொரு கூற்றும் முந்தைய ஓர் உரையிலிருந்தோ மடலிலிருந்தோ எடுத்தது. 80ஆம் கூற்று 1861-இல் நிகழ்த்திய உரையிலிருந்து வந்தது. அங்கே நவீன நாகரிகம் என்று கண்டிக்கப்பட்டது, மடங்களை மூடி மாகாணங்களைப் பறித்த பியெமோந்து அரசின் போக்கு. ஓர்லியான் ஆயர் துபான்லூ 1865 ஜனவரியில் எழுதிய சிறு வெளியீடு இப்படித்தான் விளக்கி, பல நூறு ஆயர்களின் நன்றியைப் பெற்றது. ஆனாலும் முழுக்கத் தப்பவைக்க முடியாது: சமயச் சுதந்திரத்தையும் அரசு-திருச்சபைப் பிரிவினையையும் பட்டியல் உண்மையாகவே மறுத்தது.

சங்கம் 1869 டிசம்பர் 8 அன்று சுமார் 700 பேருடன் புனித பேதுரு பேராலயத்தில் கூடியது. தவறாவரம் தொடக்க நிகழ்ச்சிநிரலில் இல்லை. பெரும்பான்மை ஆயர்கள் மனுக் கொடுத்துச் சேர்க்கவைத்தார்கள்; விசுவாசக் குழுவில் எதிர்த்தரப்பு ஆள் புகாமல் இங்கிலாந்தின் பேராயர் மானிங்கும் அவர் தோழர்களும் பார்த்துக்கொண்டார்கள். எதிர்த்தவர்களில் பலர் கோட்பாட்டையே மறுக்கவில்லை. இப்போது வேண்டாம் என்றார்கள். வரலாற்றறிஞரான ஜெர்மானிய ஆயர் ஹெஃபலே போன்றவர்கள் வரலாற்றைக் காட்டினார்கள்: 7ஆம் நூற்றாண்டுப் போப் ஹொனோரியுஸைப் பொதுச்சங்கமே பின்பு கண்டித்திருக்கிறதே, அவர் தவறவில்லையா? ஜூலை 13 முன்னோட்ட வாக்கெடுப்பில் 451 பேர் ஆம், 88 பேர் இல்லை, 62 பேர் திருத்தத்தோடு ஆம். போப்பின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல விரும்பாத சிறுபான்மையினர் ஊரைவிட்டுப் போனார்கள். ஜூலை 18 இறுதி வாக்கு 533-க்கு 2. அந்த இருவர் இத்தாலியின் கயாத்சோ ஆயரும் அமெரிக்காவின் லிட்டில் ராக் ஆயரும். முடிவு அறிவித்ததும் இருவரும் ஏற்றார்கள்.

தீர்மானத்தின் வாசகம் பலர் நினைப்பதைவிடக் குறுகியது. போப் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர் என்ற நிலையில் பேச வேண்டும். விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றியதாக இருக்க வேண்டும். முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டியது என்று வரையறுக்க வேண்டும். சுற்றுமடல், பேட்டி, அரசியல் கருத்து எதுவும் இதில் அடங்காது. 1870-க்குப் பின் ஐயமற இப்படி அறிவிக்கப்பட்டது ஒரே முறை, 1950-இல், மரியாளின் விண்ணேற்பு. அதே ஆவணத்தின் மூன்றாம் அதிகாரம்தான் நாள்தோறும் வேலை செய்வது: ஒவ்வொரு மறைமாவட்டத்தின் மேலும், ஒவ்வொரு விசுவாசியின் மேலும் போப்புக்கு நேரடியான முழு அதிகாரம் உண்டு என்கிறது அது. செய்தித்தாள்கள் நான்காம் அதிகாரத்தைப் பற்றி அடித்துக்கொண்டன. மூன்றாவது ஓசையில்லாமல் நுழைந்தது. ஆயர்கள் இனிப் போப்பின் வெறும் கருவிகள் என்று ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் ஒரு சுற்றறிக்கையில் எழுதினார். அது வெளியானதும் ஜெர்மானிய ஆயர்கள் 1875-இல் மறுப்பு எழுதினார்கள், பியுஸும் அந்த மறுப்பை ஏற்றார்.

வாக்கெடுப்புக்கு மறுநாள் பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்கின. ரோமைக் காத்த பிரெஞ்சுப் படை ஊர் திரும்பியது. செப்டம்பர் 20 காலை இத்தாலியப் பீரங்கிகள் போர்த்தா பியா என்ற நகர வாயில் அருகே மதிலை உடைத்தன. மதில் உடையும் வரை எதிர்த்துவிட்டுச் சரணடையுங்கள் என்பது போப்பின் கட்டளை. அக்டோபரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 1,33,681 பேர் இத்தாலியோடு சேர வாக்களித்தார்கள், 1,507 பேர் எதிர்த்தார்கள்.

இத்தாலிய நாடாளுமன்றத்தின் 1871 மே மாத உறுதிமொழிச் சட்டம் போப்புக்கு அரசருக்குரிய மரியாதை, வத்திக்கான், லாத்தரன், காஸ்தெல் கந்தோல்ஃபோ மாளிகைகளில் இருக்கும் உரிமை, தனித் தபால்-தந்தி, ஆண்டுக்கு 32,25,000 லிரா தந்தது. பியுஸ் ஒரு லிராவும் வாங்கவில்லை. கோபம் மட்டும் காரணம் இல்லை: ஒரு நாடாளுமன்றம் கொடுத்ததை அடுத்த நாடாளுமன்றம் எடுத்துவிடலாம். கையில் பணம் வாங்கினால் அவர் இத்தாலிய அரசரின் சம்பளக்காரர் என்று மற்ற நாடுகள் சொல்லும். ஆனால் அதே சட்டத்தில் இருந்த ஒரு விட்டுக்கொடுப்பு அவருக்குக் கைமேல் கிடைத்தது. இத்தாலியில் ஆயர்களைப் பெயர் குறிக்கும் உரிமையை அரசு கைவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட மறைமாவட்டங்கள்! கத்தோலிக்க அரசர்கள் நூற்றாண்டுக்கணக்கில் கொடுக்க மறுத்ததை, குருமார் எதிர்ப்பாளர்கள் நிறைந்த நாடாளுமன்றம் இனாமாகக் கொடுத்தது. நிலம் போனதும் பிடி இறுகியதும் இங்கே ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள்.

அரசியலில் அவர் எடுத்த முடிவு விலை உயர்ந்தது. இத்தாலியக் கத்தோலிக்கர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பதும் நிற்பதும் கூடாது என்ற தடை 1919 வரை முழுதாக நீங்கவில்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர்கள் குரல் அங்கே அரிதாகவே ஒலித்தது. ஜெர்மனியில் நேர்மாறு: பிஸ்மார்க் 1872-இல் சேசு சபையினரை விரட்டி, 1873 மே சட்டங்களால் குருக்களின் படிப்பையும் நியமனத்தையும் அரசின் கீழ் கொண்டுவந்தார்; ஆயர்கள் சிறை சென்றார்கள்; 1874 தேர்தலில் கத்தோலிக்கரின் மையக் கட்சி 63 இடத்திலிருந்து 91-க்கு ஏறியது.

1878-இல் வந்த பதின்மூன்றாம் லியோ வத்திக்கானைவிட்டு வெளியே வரவில்லை, ரோமைக் கேட்பதையும் விடவில்லை. ஆனால் பேசத் தெரிந்தவர். பிஸ்மார்க்கோடு 1887-க்குள் பெரும்பாலும் சமாதானம் ஆனது. 1885-இல் கரோலின் தீவுகள் பற்றி ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் நடுவராக அவரை அழைத்தார்கள். நாடில்லாத ஒருவரை நடுவராக்கியது பிஸ்மார்க்கின் தந்திரம்தான் என்றாலும், ஏழாம் பியுஸ் காட்டிய பாடம் அங்கே திரும்பி வந்தது. லியோவின் வரம்பும் தெரிந்தது: 1887-இல் பிஸ்மார்க்கின் ராணுவ மசோதாவை ஆதரியுங்கள் என்று ரோம் சொன்னபோது மையக் கட்சித் தலைவர் வின்ட்ஹார்ஸ்ட் கேட்கவில்லை. 1892-இல் குடியரசை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிரெஞ்சுக் கத்தோலிக்கரிடம் சொன்னார். முடியாட்சிவாதிகளில் பலர் காதில் வாங்கவில்லை. விசுவாசத்தில் கீழ்ப்படிந்த மக்கள் வாக்குப் பெட்டியில் அப்படி இல்லை. 1891 மே 15 சுற்றுமடல் மட்டும் நிலைத்தது: தொழிலாளியின் கூலி சிக்கனமாக வாழும் அவர் பிழைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும், சங்கம் சேரும் உரிமை உண்டு, தனிச்சொத்தும் நியாயமே என்று அது சொன்னது. ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற நாடுகளில் கத்தோலிக்கத் தொழிற்சங்கங்கள் அதைச் சுட்டியே வளர்ந்தன.

இந்தியாவுக்கு வருவோம். கிழக்கின் ஆயர்களைப் பெயர் குறிக்கும் ஞானாதரவு உரிமையைப் பழைய போப்புகள் போர்ச்சுகல் அரசருக்குக் கொடுத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த அரசரிடம் போதிய குருக்களும் இல்லை, ஆங்கிலேயர் நிலத்தில் அதிகாரமும் இல்லை. கிரகோரி 1830-களில் மதராசுக்கும் இலங்கைக்கும் ரோமுக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட ஆட்சியாளர்களை ஏற்படுத்தினார். 1838 ஏப்ரலில் மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் மறைமாவட்டங்களில் போர்ச்சுகல் வழி அதிகாரத்தை நிறுத்தினார். போர்ச்சுகலைச் சார்ந்த கோவா தரப்புக் குருக்கள் ஏற்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு குரு, கல்லறைக்கும் தேருக்கும் வழக்கு என்று மதுரை மிஷன் பகுதி முழுக்க இழுபறி. அதே ஆண்டுகளில் திரும்பி வந்த சேசு சபையினர் ரோம் தரப்பில் நின்றார்கள்.

லியோ 1886 ஜூனில் போர்ச்சுகலோடு உடன்படிக்கை செய்து, செப்டம்பர் 1 அன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முறையான மறைமாவட்டங்களை நிறுவினார். கோவா, கொச்சி, மயிலாப்பூர், டாமன் ஆகியவை போர்ச்சுகல் அரசரின் நியமனத்தில் தொடர்ந்தன. இதனால் சென்னையில் சாந்தோமில் ஓர் ஆயரும் மதராசுக்கு ஒரு பேராயரும் அருகருகே இருந்தார்கள். ஐரோப்பாவில் அரசர்களின் கை ஒவ்வொன்றாக விலகிய நூற்றாண்டில் லிஸ்பனின் கை இங்கே நீடித்தது. போர்ச்சுகல் அந்த உரிமையை 1950-இல் விட்டுக்கொடுத்தது. 1952-இல் இரண்டும் சேர்ந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின.